ஏழு பேர் கூடினால் ஒரு சங்கம்

கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960, ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்கிறது. ஜெர்மானியக் குடிமைச் சட்டமும் அதே ஏழு பேரைத்தான் கேட்கிறது. 2015-இல் பெங்களூரு ஆஸ்டின் டவுனில் சிறுவர் சிறுமியருக்கான கால்பந்துச் சங்கம் ஒன்றை நண்பர்களும் உறவினரும் சேர்ந்து ஏழு பேராகப் பதிவு செய்தபோது, இந்த ஒற்றுமை எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு சிற்றூரில் ஆறு ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்துத் திரும்பியிருந்த நான், அந்த ஊரின் விளையாட்டுச் சங்கத்தை வேரோடு பெயர்த்து இங்கே நட்டுவிடலாம் என்று முழு மனதாக நம்பினேன். இரண்டே ஆண்டுகளில் எங்கள் சங்கம் ஏறக்குறைய கலைந்துபோனது. அது ஏன் கலைந்தது, பிறகு எதனால் நிமிர்ந்தது என்பதைச் சொன்னால், தங்கள் தெருப் பிள்ளைகளுக்காக இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்களுடையது மூன்று தலைமுறையாகப் பெங்களூரின் தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம். இங்கே கால்பந்து புதிய பழக்கம் இல்லை. அல்சூர் கௌதமபுரத்தில் அம்பேத்கருக்கும் புத்தருக்கும் அன்னை தெரசாவுக்கும் அருகில் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நமக்காக விழுந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த எஸ். ராமன். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகமும் எங்கள் ஊர்க்காரர். இந்தப் பெயர்களை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. மாலை நேரத்தில் நந்தன் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களின் பேச்சிலிருந்து காதில் விழுந்தவை.

என் தந்தைக்கு ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததே அவர் லெஃப்ட் பேக்காக ஆடியதால்தான். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று கம்பெனி டீம் வைத்து நடத்திய காலம் அது. காலையில் பயிற்சி, பிறகு வேலை, ஆட்ட நாளில் அனுமதியோடு விடுப்பு. முழங்கால் போன பிறகும் வேலை போகவில்லை. ஓய்வூதியம் இன்றும் வருகிறது. அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுத் தொழில் என்றால் நுழைவுச்சீட்டும் ஒளிபரப்பும் நினைவுக்கு வராது. ஆட்டம் வாங்கித் தரும் நிரந்தர வேலைதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் அண்ணன்கள் இருவரும் ஆடினார்கள். நான் மைதானத்தின் வேலிக்கு வெளியே தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றேன். எனக்கு ஆடவேண்டும் என்று தோன்றியதே இல்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது பொய் என்பது ஜெர்மனியில், என் 31-ஆம் வயதில், அலுவலகத் தோழி ஒருத்தி தன் சங்கத்தின் பெண்கள் அணிக்கு அழைத்துச் சென்ற மாலையில் தெரிந்தது. அந்தச் சங்கத்தை அவர்கள் 'ஃபெரைன்' என்பார்கள். ஊரின் மக்கள்தொகை நாலாயிரத்தைத் தாண்டாது. ஆனால் புல்தரை இரண்டு, உடைமாற்றும் அறைகள், சிறு உணவகம் எல்லாம் சங்கத்துக்கு இருந்தன. பிள்ளைகளுக்கான ஆண்டுக் கட்டணம் ஒரு நல்ல காலணியின் விலைகூட வராது. பயிற்சியாளர்களில் ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் மருத்துவர். யாரும் சம்பளத்துக்காக வந்தவர்கள் இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கு எட்டு மணி நேரம் சங்கத்துக்காக வேலை செய்ய வேண்டும்: கோடு போடலாம், புல் வெட்டலாம், பிள்ளைகளின் ஆட்டத்தன்று வீட்டில் கேக் சுட்டு வந்து விற்கலாம், அணியின் சட்டைகளைத் துவைத்துத் தரலாம். செய்யாதவர் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். மைதான ஓரத்து விளம்பரப் பலகைகளில் அவ்வூர் ரொட்டிக் கடையும் கூரை வேய்பவரும்தான் இருந்தார்கள்.

இது அந்த மக்களின் நல்ல குணத்தால் மட்டும் நடக்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். குணத்துக்கும் அடியில் ஒரு நேரக் கணக்கு இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஜெர்மனியில் பள்ளிகள் நெடுங்காலமாக நண்பகலையொட்டி முடிந்துவிடும் வழக்கம் உடையவை. மதியம் முழுவதும் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். அந்த மதியங்களைச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்க வேண்டும் என்பது அங்கே அரசியலமைப்பு வரை சென்று பாதுகாக்கப்பட்ட வழக்கம். ஆகவே ஞாயிறன்று ஊரே மைதானத்துக்கு வரும். ஜெர்மானியக் கால்பந்துச் சங்கத்தில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பது இந்த மதியங்களாலும் ஞாயிறுகளாலும்தான். அண்மையில் முழுநாள் பள்ளிகள் பெருகி வருகின்றன. 2026 ஆகஸ்டு முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுநாள் பராமரிப்பு படிப்படியாகச் சட்ட உரிமையாகிறது. என் பழைய சங்கத் தோழியர் இதைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறார்கள். பள்ளி மணி அடிக்கும் நேரம் மாறினால் ஒரு நாட்டின் விளையாட்டுத் தொழிலே மாறும் என்பதை அவர்கள் தங்கள் உடம்பில் உணர்கிறார்கள்.

தொழில்முறைக் கால்பந்தும் அங்கே இந்தச் சங்கத்தின் நீட்சிதான். 1998-இல் சங்கங்கள் தங்கள் தொழில்முறை அணிகளை நிறுவனங்களாக மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தபோது, வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது தாய்ச் சங்கத்திடம், அதாவது உறுப்பினர்களிடம், இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2024 தொடக்கத்தில், லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க எடுத்த முயற்சியை எதிர்த்து, ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளையும் சாக்லெட் நாணயங்களையும் களத்தில் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெங்களூரில் என் கைப்பேசிக்கு வந்த அந்தப் படங்களைப் பார்த்தபோது, கேக் விற்ற மேசையும் இந்த டென்னிஸ் பந்தும் ஒரே உணர்விலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றியது. இது என்னுடையது என்று நினைப்பவர்தான் துவைக்கவும் செய்வார், எதிர்க்கவும் செய்வார்.

இந்த உணர்வைத்தான் நான் விதியாக எழுதி ஆஸ்டின் டவுனுக்குக் கொண்டுவந்தேன். மாதக் கட்டணம் 300 ரூபாய், ஆண்டுக்கு எட்டு மணி நேரப் பணி, ஏப்ரலில் பொதுக்குழு.

முதல் பொதுக்குழுவுக்கு 41 குடும்பங்களை அழைத்தோம். ஐந்து பேர் வந்தார்கள். கணக்கை வாசித்துக் கருத்துக் கேட்டால், "நீங்க பார்த்துச் செய்ங்க மேடம்" என்றார்கள். அது மரியாதையாகச் சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் அதற்குள் 'இது உங்களுடையது, எங்களுடையது இல்லை' என்ற தெளிவும் இருந்தது. 300 ரூபாய்க் கட்டணமும் தவறான செய்தியைத் தந்தது. ரிச்மண்ட் டவுன் பக்கத்து அடுக்ககப் பெற்றோருக்கு மலிவு என்பது தரக்குறைவின் அடையாளம்; ஆஸ்டின் டவுன் பெற்றோருக்கோ, இலவசமாகத் தர வேண்டிய ஒன்றுக்கு ஏன் பணம் என்ற கேள்வி. அடுக்ககத் தாய் ஒருவர், இந்த எட்டு மணி நேர வேலையிலிருந்து விடுபட எவ்வளவு கட்ட வேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாம் கட்டணம் செலுத்தி வாங்கும் சேவை என்றுதான் அவர் எங்களைப் புரிந்துகொண்டிருந்தார். இந்த நகரத்தில் அவருக்கு வேறு எதுவும் அப்படியல்லாமல் கிடைத்ததில்லை.

என்னை உறுத்தியது இன்னொரு பேச்சு. பணிப் பட்டியலில் மைதானத்தைக் கூட்டும் முறை ஒரு சிறுவனின் தந்தைக்கு வந்திருந்தது. அவர் வரவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டபோது, வெகுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, "எங்கம்மா முப்பது வருஷம் இந்த ஊர் ரோட்டைப் பெருக்கினவங்கக்கா. என் பையன் கையில பந்து இருக்கட்டும்னுதான் அனுப்பறேன். நீங்களும் தொடப்பத்தைக் குடுத்தா எப்படி?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. ஸ்டுட்கார்ட் அருகே பல் மருத்துவர் மைதானத்தைக் கூட்டினால் அது ஒரு மணி நேர வேலை. வேலை முடிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவர் மருத்துவராகவே வீடு திரும்புவார். நம் நாட்டில் துடைப்பத்துக்குச் சாதி உண்டு. யார் கூட்டுவது, யார் துவைப்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு தீர்மானித்த ஓர் இடத்தில், 'எல்லோரும் சமம், ஆகவே முறை வைத்துக் கூட்டுவோம்' என்ற விதி எல்லோர் மேலும் சமமாக விழாது. அடுக்ககத் தாய்க்கு அது தொந்தரவு; இந்தத் தந்தைக்கு அது காயம். இதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். நான் இந்த ஊரில் பிறந்தவள். வேறு நாட்டு முறையைக் கொண்டுவருபவர்கள் அந்த விதியின் எழுத்தை மட்டும் பார்க்காமல், அதில் வரும் ஒவ்வொரு வேலையையும் நம் ஊரில் இதுவரை யார் செய்துவந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடங்களில் முதன்மையானது. பணிப் பட்டியலை அன்றே நிறுத்தினோம். அடுத்த ஓராண்டு சங்கத்தைத் தொடங்கிய நாங்கள் ஏழு பேரும்தான் கூட்டினோம்.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. பிடதிப் பக்கத்துத் தொழிற்சாலையில் மூன்றாண்டுப் பணிக்காக வந்திருந்த ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் மகன் 2017-இல் எங்களிடம் சேர்ந்தான். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் யாரும் சொல்லாமலே பந்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வலைப்பையில் போட்டான். பிறகு பயிற்சிக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கினான். அவனுடைய தாயிடம் விசாரித்தபோது, பள்ளிகளில் வகுப்பறையையும் கழிவறையையும் மாணவர்களே சுத்தம் செய்வது அங்கே அன்றாட வழக்கம் என்றார். உலகக் கோப்பைகளில் ஜப்பானிய ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் குப்பை பொறுக்கிவிட்டுச் செல்வதை நாம் வியந்து பார்க்கிறோம். அவர்களுக்கு அது ஆறு வயதுப் பழக்கம். மறுமாதமே எங்கள் சங்கத்தில் பெற்றோர் யாரும் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை என்றும், பயிற்சியாளர் உட்பட ஆடுகிற அனைவரும் கடைசிப் பத்து நிமிடம் சேர்ந்து மைதானத்தைச் சீர்செய்வோம் என்றும் அறிவித்தோம். முதலில் துடைப்பத்தை எடுப்பவர் பயிற்சியாளர். ஒரு குடும்பம் இதை ஏற்காமல் மகனை நிறுத்திக்கொண்டது. நாங்கள் விதியை மாற்றவில்லை. துடைப்பத்தைப் பற்றிக் கேட்ட அந்தத் தந்தையிடம் மட்டும் முன்கூட்டியே நேரில் சென்று விளக்கினேன். எல்லாப் பிள்ளைகளும் கூட்டுகிறார்களா என்று இரண்டு வாரம் வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஜப்பானின் விளையாட்டுத் தொழிலில் எனக்கு நெருக்கமாகப் பட்டது இன்னொன்றும் உண்டு. அங்கேயும் நிறுவனங்கள்தான் அணிகளை வளர்த்தன. ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி ஒரு தனியார் ரயில் நிறுவனத்தினுடையது. 1924-இல் திறந்த அதன் கோஷியன் மைதானத்தில்தான் உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்காலப் போட்டி இன்றும் நடக்கிறது. அணியால் வரும் நட்டத்தை விளம்பரச் செலவாகக் காட்டலாம் என்று 1954-இல் வரித்துறை அறிவித்ததும் இந்த வழக்கம் உறுதிப்பட்டது. ஆனால் 1993-இல் ஜே லீக் தொடங்கியபோது, அணியின் பெயரில் நிறுவனம் வரக்கூடாது, ஊர் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். என் தந்தையிடம் இதைச் சொன்னபோது, "எங்க டீமுக்கு ஊர் பேரு வெச்சிருந்தா, கம்பெனி கைவிட்டப்புறமும் யாராவது எடுத்து நடத்தியிருப்பாங்க" என்றார். அவர் ஆடிய அணி இப்போது இல்லை.

அமெரிக்காவைப் பற்றி நான் அறிந்தது நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகள் வழியாக. அவளுடைய மகள் கால்பந்து ஆடுகிறாள். வார இறுதிகளில் வேறு மாநிலங்களுக்குப் பயணம் செய்யும் அணி அது. ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகிறது. இதற்கெல்லாம் பின்னால் கல்லூரிச் சேர்க்கை இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அங்கே கல்வி நிலையங்களே விளையாட்டுத் தொழிலின் நடுத்தூண். வெள்ளி மாலையை உயர்நிலைப் பள்ளிக்கும் சனிக்கிழமையைக் கல்லூரிக்கும் ஒதுக்கி, இலையுதிர் காலத்தில் அந்த நேரங்களில் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு நுழைவதை 1961-ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டமே தடுத்து வைத்திருக்கிறது. அங்கே வாரத்தின் கிழமைகள்கூட ஊர் வழக்கப்படி பங்கிடப்பட்டுள்ளன.

எங்கள் அடுக்ககப் பெற்றோரில் சிலர், இங்கே ஆடினால் வெளிநாட்டுக் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுமா என்று கேட்பதுண்டு. ஆஸ்டின் டவுன் பெற்றோர், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். முன்பெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் எனக்குச் சலிப்பூட்டின; ஆட்டத்தின் மகிழ்ச்சியைப் பற்றி ஏன் யாரும் கேட்பதில்லை என்று வருந்துவேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. விளையாட்டில் தோற்றால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாத சமூகத்தில், பெற்றோர் ஆட்டத்தைப் பாதுகாப்போடு சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். என் தந்தையும் அந்தக் கேள்வியின் பயனால்தான் எங்களை வளர்த்தார்.

ஆகவே சேர்க்கை நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்: வேலைக்கும் கல்லூரிக்கும் உறுதி தர இயலாது, ஆனால் எந்தத் தேர்வுக்கு எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்ற பட்டியலைக் கையில் தருவோம். இதற்கே தனியாக ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். மற்றப் பயிற்சி மையங்கள் தரும் வண்ணச் சான்றிதழ்களை விட இந்தப் பட்டியல்தான் பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது.

நேரத்தை நாங்கள் மாற்றியதும் இதே காலத்தில்தான். ஜெர்மனியில் கண்டபடி மாலை ஐந்தரைக்குப் பயிற்சி வைத்திருந்தோம். பெங்களூரில் பள்ளிப் பேருந்து நெரிசலைத் தாண்டி வரவே ஐந்து ஆகிவிடும். ஆறு மணிக்கு டியூஷன். இந்த நகரத்தில் ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே சொந்தமான நேரம் காலை ஆறரை முதல் எட்டு வரைதான். சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு மாற்றிய மாதத்திலேயே வருகை இரு மடங்கானது. ஞாயிற்றுக்கிழமை எட்டரைப் பூசைக்குத் தேவாலயம் செல்பவர்களுக்கும் அது பொருந்தியது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் கொத்தாக நின்றுபோவதற்கும் ஒரு வழி செய்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, விரும்பிய ஞாயிறு மட்டும் வந்தால் போதும், சட்டை எண் அவர்களுக்காகவே காத்திருக்கும் என்று எழுதித் தந்தோம். முதல் ஆண்டில் அப்படி விடுப்பில் சென்ற 11 பேரில் 9 பேர் தேர்வு முடிந்ததும் திரும்பி வந்தார்கள். போகாதே என்று தடுப்பதைவிட, போய்விட்டு வா என்று சொல்வதே நம் வீடுகளில் செல்லுபடியாகும் சொல்.

சிறுமியர் விஷயத்தில் நான் வழக்கத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

பண்பாடு விளையாட்டுத் தொழிலை வடிவமைக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனால், பண்பாடு கல்லில் எழுதியது என்ற எண்ணம் வந்துவிடும். ஜெர்மனியில் என்னோடு ஆடிய மூத்த பெண்மணி ஒருவர் அந்த எண்ணத்தை உடைத்தார். 1955-இல் ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. 1970-இல்தான் தடை நீங்கியது. 1989-இல் மேற்கு ஜெர்மனிப் பெண்கள் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது ஒவ்வொரு வீராங்கனைக்கும் பரிசாகக் கிடைத்தது ஒரு காப்பிக் கோப்பைத் தொகுப்பு. அந்த நாட்டில்தான் இன்று சிற்றூர்ச் சங்கங்களிலும் பெண்கள் அணி இருக்கிறது. அமெரிக்காவில் 1972-இல் கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்கள் பாலின வேறுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் வருவதற்கு முன்பு, உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய சிறுமியர் 3 லட்சத்துக்கும் குறைவு; இப்போது 30 லட்சத்துக்கும் மேல். விதி முதலில் வந்தது. அதன் பின்னாலேயே குடும்பங்களின் மனமும் தொலைக்காட்சியும் காலணி நிறுவனங்களும் வந்தன.

2018-இல் நாங்களும் ஒரு விதி எழுதினோம். மைதான நேரத்தில் சரிபாதி சிறுமியருக்கு. எத்தனை பேர் வந்தாலும், மூன்றே பேர் வந்தாலும், அந்த நேரத்தைச் சிறுவர்களுக்கு விட்டுத்தர மாட்டோம். சிறுவர்களின் தந்தையர் சினந்தார்கள். காலியாகக் கிடக்கும் பாதி மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் காலி இடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததுதான் வேலை செய்தது. தம்பியைக் கொண்டுவந்து விட்ட அக்காக்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே இறங்கினார்கள். மற்றபடி எல்லாம் சிறு சிறு ஏற்பாடுகள். கழிவறை இல்லாமல் எந்தத் திடலையும் வாடகைக்கு எடுப்பதில்லை. அரைக்கால் சட்டைக்குப் பதில் முழுநீளக் கால்சட்டை அணிய விரும்புபவர் அதை அணியலாம். பெண் பயிற்சியாளர் இல்லாத நாளில் சிறுமியருக்குப் பயிற்சி இல்லை. வயதுக்கு வந்த பெண்ணை நிறுத்துகிற வீடுகளில் நான் தாயிடம் பேசுவதை விட்டுப் பாட்டியிடம் பேசத் தொடங்கினேன். அந்த வீடுகளில் முடிவு அங்கேதான் இருக்கிறது. எங்கள் 140 பிள்ளைகளில் இப்போது 58 பேர் சிறுமியர். பாதி ஆகவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் பலகை வைப்பார் என்ற நம்பிக்கையோடு நான் பெங்களூரில் ஏறிய கடைகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: பரிசு கொடுக்க யார் வருகிறார்? நம் ஊரில் விளம்பரம் மனிதரின் முகத்தோடு வருகிறது. ஐ.பி.எல். 2008-இல் அமெரிக்க லீக்குகளின் அமைப்பை எடுத்துக்கொண்டாலும், திரையுலகத்தின் முகங்களோடு சேர்ந்துதான் வளர்ந்தது. ஓவருக்கு ஓவர் விளம்பர இடைவெளி தரும் கிரிக்கெட்டின் அமைப்பும் அதற்குத் துணை நின்றது. அரசும் அதைக் கேளிக்கையாகவே பார்க்கிறது: 2025 செப்டம்பர் முதல் ஐ.பி.எல். நுழைவுச்சீட்டுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. அதே அமைப்பைக் கால்பந்துக்குப் பொருத்திய ஐ.எஸ்.எல்., லீக்கை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தம் முடியும் தறுவாயில் 2025 ஜூலையில் அடுத்த பருவத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. எங்கள் ஊர் ஐ.எஸ்.எல். அணிக்காகக் கண்டீரவா அரங்கின் மேற்குப் பகுதியில் நின்று தொண்டை வறளப் பாடும் இளைஞர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாக்கும் கிடையாது என்பதே என் வருத்தம்.

முகம் வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் எங்கள் முகங்களையே காட்டினோம். மாநிலத்துக்காக ஆடிய பழைய ஆட்டக்காரர்கள் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு டோர்னமென்டுக்கும் அவர்களில் ஒருவரைத் தலைமை விருந்தினராக அழைத்து, மாலையிட்டுப் பொன்னாடை போர்த்தி, அவர் ஆடிய ஆண்டையும் அணியையும் ஒலிபெருக்கியில் சொல்கிறோம். 54 ஆண்டுகளுக்குப் பிறகு 2023-இல் கர்நாடகம் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை வென்றபோது, ரியாத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தை எங்கள் பெரியவர்கள் சேர்ந்து கைப்பேசியில் பார்த்தார்கள். அந்த ஆண்டுப் பரிசளிப்புக்குத் தெருவே திரண்டது. மாவு மில்லும் மருந்துக் கடையும் தாமாகவே வந்து பலகை கேட்டன.

ஒரே ஒரு முறை பெரிய தொகை தேடி வந்தது. 2021-இல் பணம் வைத்து ஆடும் செயலி ஒன்றின் ஆட்கள் பிள்ளைகளின் சட்டையில் தங்கள் பெயரைக் கேட்டார்கள். பெற்றோரிடம் கருத்துக் கேட்டோம். அடுக்ககமும் ஆஸ்டின் டவுனும் முதன்முறையாக ஒரே குரலில் வேண்டாம் என்றன. இங்கிலாந்தில் பந்தய நிறுவனங்களின் பெயரை பிரீமியர் லீக் சட்டைகளின் முகப்பிலிருந்து நீக்க அணிகள் தாமாக ஒப்புக்கொள்ளவே 2023 ஆனது. அதற்கும் 2025-26 பருவத்தின் முடிவு வரை கெடு. சூது வீட்டைக் கெடுக்கும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எங்கள் பெற்றோருக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. கட்டணத்தையும் அந்தக் கூட்டத்தில்தான் மாற்றினோம்: இயன்றவர் 1,500, இயலாதவர் 100, யார் எவ்வளவு என்பது பொருளாளருக்கு மட்டும் தெரியும்.

சென்ற ஏப்ரல் பொதுக்குழுவுக்கு 63 பேர் வந்தார்கள். நான் கணக்கை வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து அந்தத் தந்தை எழுந்தார். துடைப்பத்தைப் பற்றி என்னிடம் கேட்டவர். கூம்புகள் வாங்கிய வகையில் 1,400 ரூபாய் எழுதியிருக்கிறதே, போன வருடம்தானே புதிதாக வாங்கினோம், பழையவை எங்கே, ரசீது எங்கே என்றார். வாங்கினீர்களே என்று அவர் சொல்லவில்லை, வாங்கினோமே என்றார். ரசீது அன்று என் கையில் இல்லை. வீட்டில் தேடி எடுத்து, அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் அவரிடம் காட்டினேன். வாங்கிப் படித்து, தேதியைச் சரிபார்த்து, அறிவிப்புப் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி அவரே குத்திவைத்தார்.